வீட்டுக்கு இடப்பக்கம்

ஒரு வயதுக்கு மேல் உடம்பும் முதலாளி மாதிரி ஆகிவிடுகிறது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் மறுநாள் வேலைக்கு விடாது. வேலாயுதத்துக்கு முதுகுதான் முதலாளி. போர்ட் கிள்ளான் கிடங்கில் காலையிலிருந்து கோழித்தீவன மூட்டை இறக்கியதில் அது முறைத்துக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அட்டையை விரித்துப் படுத்திருப்பார். அந்த வெள்ளிக்கிழமை படுக்கவில்லை. கிடங்குக்குப் பின்னால் அடுக்கி வைத்த காலி மரப் பெலட்டுகளின் மேல் உட்கார்ந்து, கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நாலு தாளை உருவினார். அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்க வந்த தாள்கள்.

"வந்துருச்சாண்ணே?" என்று மலாயில் கேட்டான் பக்கத்தில் இருந்த ஒக்கோத்.

ஒக்கோத் கென்யாக்காரன். படிக்கவென்று கோலாலம்பூர் வந்து, சேர்ந்த கல்லூரியை இழுத்து மூடிவிட, எங்கெங்கோ சுற்றி இந்தக் கிடங்கில் ஒதுங்கியவன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது 'அண்ணே', 'போதும்', 'வலிக்குது'. கிடங்கில் பிழைக்க அது தாராளம். வேலாயுதத்துக்கோ ஆங்கிலம் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது பாசார் மலாய் என்கிற சந்தை மலாய் ஒன்றுதான். மீன் பேரம் பேசவும் லோரியில் சாமான் ஏற்றவும் பிறந்த மொழி அது. அதற்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. ஆனால் அந்த மொழியில்தான் ஒக்கோத் ஒரு மழைக்காலம் முழுக்க, சாப்பாட்டு நேரங்களில், தன் அம்மாவின் கதையைச் சொன்னான். வேலாயுதம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், எழுத்துகளை விரலால் எண்ணி எண்ணித் தமிழில் எழுதினார்.

கதை பெரிய கதை இல்லை. ஒக்கோத்தின் ஊரில் ஆளான மகனுக்கு, அப்பன் வளவுக்குள்ளேயே தனியாக ஒரு குடிசை கட்டுவார்களாம். அவன் எந்தச் சீமைக்குப் போனாலும் அந்தக் குடிசை நிற்க வேண்டும். நின்றால் அவனுக்கு அங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம். கதையில் வரும் அம்மா, கடல் தாண்டிப் போன மகனின் குடிசைக்கு ஒவ்வொரு மழை முடிந்ததும் மண்ணும் சாணியும் குழைத்துச் சுவர் பூசுகிறாள். "வராதவனுக்கு எதுக்குச் சுவரு?" என்று ஊர் கேட்கிறது. "சுவரு நின்னாத்தானே வருவான்" என்கிறாள். ஒருநாள் பூசிக்கொண்டிருக்கும்போதே, கையில் ஈர மண்ணோடு சாய்ந்துவிடுகிறாள். மகனால் போக முடியவில்லை. அவ்வளவுதான்.

"முதல்ல தமிழ்லயே படிங்க" என்றான் ஒக்கோத். "அம்மா உங்க பாஷையில எப்படி இருக்காங்கன்னு கேக்கணும். அப்புறம் மலாய்ல சொல்லுங்க."

வேலாயுதம் படித்தார். நாற்பத்தொன்பது வயதில் அ, ஆ எழுதியவர் படிப்பது ஏற்றத்தில் லோரி போவது மாதிரி. நிற்காது, ஆனால் முக்கும். முதுகு பிடித்துக்கொண்டு வேலையில்லாமல் டிவி முன்னால் கிடந்தபோது, "இப்படிக் கெடக்குறதுக்கு எதையாவது படிங்க" என்று மனைவி தனலெட்சுமி பிரிக்பீல்ட்ஸ் வாசகர் வட்டத்தின் ஞாயிறு வகுப்புக்கு விரட்டிவிட்டாள். அங்கே ஒட்டிக்கொண்டது இந்த எழுத்து. இப்போது அதே வட்டம் ஆப்பிரிக்க எழுத்துகளைத் தமிழாக்கி ஆண்டு மலர் போடுகிறது. மற்றதெல்லாம் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்தவை. வாயிலிருந்து வந்தது இந்த ஒன்றுதான். அதையே முதல் கதையாக வைத்திருந்தார்கள். வெளியீட்டு விழாவில் வேலாயுதம் மேடையேறிப் படிக்கவும் வேண்டும். தாளின் கடைசியில் 'தமிழில்: ப. வேலாயுதம்' என்று அச்சில் இருந்தது. அதைப் பார்க்கும்போது தன் பெயருக்கே வேறு யாரோ சட்டை போட்டுவிட்டுக் கூட்டி வந்தமாதிரி இருந்தது அவருக்கு.

நடுவில் ஓரிடத்தில் நின்றார்.

"என்னாச்சு?"

"நான் லோரின்னு எழுதினேன். இங்க சரக்குந்துன்னு மாத்திப் போட்டிருக்காங்க."

"அது என்னது?"

"லோரிதான். குளிச்சு, விபூதி பூசின லோரி."

ஒக்கோத் சிரித்தான். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைக் கேட்டான். புரியாத மொழியில் அம்மா நடமாடுவதைக் கேட்கும்போது அவன் முகம் தூங்குகிறவன் முகம்போல் தளர்ந்திருந்தது.

பிறகு வேலாயுதம் வரிவரியாக மலாயில் சொல்லிவந்தார். கடைசிக்கு வந்தார். தமிழில் அது இப்படி இருந்தது: 'கொள்ளி வைக்க மகன் வரவில்லை. சிதை எரிந்து அடங்கிய பிறகும், அவள் பூசிய சுவர் காயாமல் இருந்தது.' கொள்ளிக்கும் சிதைக்கும் கிடங்கு மலாயில் சொல் ஏது? 'பாக்கார்' என்றார். மீனை நெருப்பில் சுடுவதற்கும் அதே சொல்தான்.

ஒக்கோத் கண்ணைத் திறந்தான்.

"யாரை?"

"அம்மாவை."

"என் அம்மாவை எரிச்சிட்டீங்களா அண்ணே?"

வேலாயுதம் தாளை மறுபடி பார்த்தார். அவன் புதைத்ததாகத்தான் சொன்னான். புதைப்பதற்கான 'தானாம்' என்ற மலாய்ச் சொல் அப்போது காதில் விழுந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் தாய் செத்தாள் என்று எழுதியதும், பழகின மாடு தானாகத் தொழுவத்துக்குப் போகிறமாதிரி, கை கொள்ளிக்குப் போய்விட்டது. பிள்ளை என்றால் கொள்ளி. வரவில்லை என்றால் கொள்ளிக்கு வரவில்லை. அதற்குமேல் அவர் யோசிக்கவே இல்லை. அந்த வரி வந்து விழுந்ததும் பேனாவை வைத்துவிட்டு, நல்லா வந்துருச்சு என்று தன்னையே மெச்சிக்கொண்டது வேறு ஞாபகம் வந்தது.

ஒக்கோத் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க ஊர்ல அம்மாவை அவங்க வீட்டை ஒட்டியே புதைப்பாங்க. வீட்டுக்கு இடப்பக்கம். எதிர்ல என் குடிசை. அந்த மண்மேடும் குடிசையும் இருந்தாத்தான் எனக்கு அது ஊரு. எரிச்சுக் கரைச்சிட்டா நான் எங்கண்ணே திரும்பிப் போறது?"

"தம்பி, நான் வேணும்னு..."

"தெரியும்."

எழுந்து போய்விட்டான். அன்று மாலைவரை அவன் கண்டெய்னரின் உள்பக்கம், வேலாயுதம் வாசல் பக்கம். நடுவில் மூட்டைகள்.

"என்னா அண்ணே, ஆப்பிரிக்காவும் இந்தியாவும் சண்டையா?" என்று சூப்பர்வைசர் ஜெயராஜ் கேட்டான். இரண்டு பேரும் அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்கள்.

வீட்டில் தனலெட்சுமி பிளாட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கீழ்வீட்டுத் தாமரை அக்கா தொடங்கி மேல்மாடி வரைக்கும், விழாவுக்கு வேன் பிடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "எழுத்தாளர் வந்துட்டாரு. குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்து எழுதுவாரு" என்று வாசலிலேயே வரவேற்றாள்.

வேலாயுதம் சொன்னார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"வாழ்க்கையில ஒரே ஒரு கதை எழுதினீங்க. அதுலயும் பொணத்தை மாத்தி எரிச்சுட்டு வந்து நிக்கிறீங்க."

"சிரிக்காத தனம்."

"நான் எங்க சிரிச்சேன்? போய் மாத்தச் சொல்லுங்க."

"மாத்தலாம். ஆனா மலர் போடுற யோகநாதன் சார் அந்த வரிக்காகத்தான் கதையையே எடுத்தாரு. முதல் கதையா வச்சதும் அதுக்குத்தான். அது போச்சுன்னா கதையும் போயிரும். மேடையும் போயிரும். திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

தனலெட்சுமி தட்டை எடுத்து வைத்தாள். வேன் மனத்தைவிட்டு இறங்கச் சற்று நேரம் பிடிக்கும் அல்லவா? பிறகு சாதத்தைப் போட்டாள்.

"அந்தப் பையன் அம்மா செத்தப்போ போகலைல்ல?"

"போகல."

"பாவம்" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் ஒக்கோத்தையும் கூட்டிக்கொண்டு கொம்யூட்டர் எனும் புறநகர் ரயில் ஏறினார். சொல்வதைவிட ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது மேல் என்று நினைத்தார். சென்ட்ரல் நிலையத்தில் வேலை பாஸ் கேட்டு நிறுத்துவார்கள் என்று ஒக்கோத் முதலில் தயங்கினான். "உன்கிட்டதான் பாஸ் இருக்கே." "இருக்கு அண்ணே. இருந்தாலும் நிறுத்துவாங்க. அதைக் காட்டிக் காட்டி ஓரமெல்லாம் கிழிஞ்சுபோச்சு." ரயிலில் கூட்டம். ஆனாலும் ஒக்கோத்துக்கு மறுபக்கத்து இருக்கை ஷா ஆலம் தாண்டியும் காலியாகவே வந்தது.

"நீ ஏன்டா இதை இங்கிலீஷ்ல எழுதல?" என்றார் வேலாயுதம். நெடுநாளாகக் கேட்க நினைத்தது. "உனக்குத்தான் நல்லா வருமே. நேரா எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல."

ஒக்கோத் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"எழுதியிருக்கேன். ரெண்டு கதை வெளியவும் வந்துச்சு. அம்மாவுக்கு அனுப்பினேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சு, எங்க லுவோ பாஷையில சொன்னா. அம்மா கேட்டுட்டுப் போன்ல சொன்னாங்க, 'விஷயம் உன்னோடதுதான். ஆனா இது உன் வாய் இல்லையே'ன்னு." ஜன்னலிலிருந்து திரும்பினான். "ஸ்கூல்ல லுவோ பேசினா கழுத்துல ஒரு மரக்கட்டை மாட்டுவாங்க. அடுத்து எவன் பேசுறானோ அவன் கழுத்துக்கு மாறும். நான் அதை நிறைய மாட்டியிருக்கேன். அப்புறம் பேசுறதை விட்டேன். இங்கிலீஷ்ல முதல் மார்க்கு வாங்கினேன். இப்போ லுவோவுல எழுத உக்காந்தா உங்களை மாதிரிதான் அண்ணே. விரலால எண்ணி எண்ணி."

"அப்போ நீயும் என் வகுப்புதான்."

"நீங்க எனக்கு சீனியர்."

"அங்க சாரும் அதையேதான் கேப்பாரு. மலர் முன்னுரையே அதைப் பத்தித்தான். ஆப்பிரிக்கக்காரங்க எந்தப் பாஷையில எழுதணும்னு ஆறு பக்கம் எழுதியிருக்காரு."

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எந்தப் பாஷை, எந்தப் பாஷைன்னு. யார்கிட்ட சொல்றேன்னு ஒருத்தரும் கேக்கல. நான் சொன்னது உங்ககிட்ட. மூட்டை மேல உக்காந்து, நீங்க சோத்தைக்கூட மறந்துட்டுக் கேட்டீங்க. அதனால சொல்ல வந்துச்சு."

வேலாயுதத்துக்கு முதுகு வலித்தது. எழுந்து நின்றுகொண்டார்.

யோகநாதனின் வீடு பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றின் முதல் தளம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்து வழி. ஞாயிறு என்றாலும் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருப்பார். வகுப்பில் வேலாயுதத்தின் 'ழ'வை மாதக்கணக்கில் திருத்தியவர் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஒருநாளும் விட்டும் கொடுத்ததில்லை.

"வாங்கோ வேலாயுதம், வாங்கோ. இவர்தானோ கதாசிரியர்?" என்றவர் ஒக்கோத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, அழகான ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஒக்கோத் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மலாயில் பதில் சொன்னான்.

"சார், மலாயில பேசலாமா? இங்கிலீஷ்ல பேசினா அண்ணே வெளிய நிப்பாரு."

யோகநாதன் வேலாயுதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "பேசலாம்" என்றார். அவர் பேசியது அரசாங்க மலாய், மடிப்புக் கலையாதது. ஒக்கோத் பேசியது கிடங்கு மலாய், தூசி தட்டாதது. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. அவர் மனைவி புனிதவதி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

வேலாயுதம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை யோகநாதன் குறுக்கே வரவில்லை. பிறகு தாளை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தார். பேச்சு தன்னை அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டது.

"வேலாயுதம், அதுதான் கதையின்ர உயிர். விளங்குதோ? புதைச்சினமோ எரிச்சினமோ, அது சடங்கு. எங்கட வாசகருக்கு அந்தத் துக்கம் போய்ச் சேரவேணும். கொள்ளி எண்டு சொன்னாத்தான் சேரும். மொழிபெயர்ப்பு எண்டா அதுதானே?"

"அது சரிதான் சார். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனா அது இவனோட அம்மா."

"கதையில வாறவ கதையின்ர அம்மா."

இதை வேலாயுதத்தால் மறுக்க முடியவில்லை. எழுத்தில் அவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. லோரியை சரக்குந்து ஆக்கியபோதுகூட, சார் சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் விட்டிருந்தார். அதனால் ஒக்கோத்தின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை மலாயில் சொன்னார்.

ஒக்கோத் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "சார், கதை எழுதினா எதை வேணாலும் மாத்தலாம். எனக்கும் தெரியும். பேரை மாத்துங்க, ஊரை மாத்துங்க. ஆனா இந்தக் கதை முழுக்க அந்தம்மா ஒரு சுவரை விழாம காப்பாத்துறாங்க. எதுக்கு? மகன் திரும்பி வர ஒரு இடம் வேணும்னு. கடைசியில அவங்களையே எரிச்சிட்டா, அந்த இடமும் சேந்து எரிஞ்சுபோகுது."

யோகநாதன் தேநீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

புனிதவதிதான் பேசினாள், வேலாயுதத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில். "இவர் அந்த வரியைப் படிச்ச அண்டைக்குச் சாப்பிடேல்லை, தெரியுமோ?"

"புனிதம்."

"சொன்னா என்னப்பா? மாமா பென்ஷன் எடுத்ததும் மாமியைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து ஊருக்குப் போயிட்டார். மாமா முதல்ல காலமானார். பிறகு சண்டைக்க மாமி. பாதை பூட்டு. இவர் கொழும்பு வரைக்கும் போய், அங்கால போகேலாமத் திரும்பி வந்தவர். பக்கத்து வீட்டுப் பெடியன்தான் கொள்ளி வைச்சது. ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. உங்கட கதையைப் படிச்சிட்டுத்தான் எனக்கே சொன்னவர், கொழும்பில எந்த அறையில இருந்தவர், ஜன்னலுக்கால என்ன தெரிஞ்சது எண்டெல்லாம்."

வேலாயுதத்துக்கு இப்போது விளங்கியது. யாரோ ஒருவனின் அம்மாவை எரித்த வரி, இன்னொருவரின் அம்மா மேல் போய்ப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. இப்போது அதைப் பிடுங்கினால் இவருக்கு வலிக்கும், விட்டுவைத்தால் அவனுக்கு வலிக்கும். எழுத்துக் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் சலித்துக்கொண்டார். மூட்டை இறக்கினால் முதுகு மட்டும்தானே போகும்.

"என்ன சொன்னாங்க?" என்று ஒக்கோத் கேட்டான்.

வேலாயுதம் யோகநாதனைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் சொன்னார், அதே பாசார் மலாயில், மீன் சுடும் அந்தச் சொல்லை வைத்தே.

ஒக்கோத் முழுக்கக் கேட்டான். பிறகு நாற்காலியை யோகநாதன் பக்கம் நகர்த்தினான்.

"அப்போ அந்த வரி உங்களோடது சார். அண்ணே தெரியாம என் கதையில வச்சிட்டாரு. நீங்க எடுத்துக்கோங்க. அதுக்கு ஒரு கதை எழுதுங்க. எனக்கு என் அம்மாவைக் குடுத்துடுங்க."

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். அவர் ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தியவர். சொந்தமாக ஒரு கதைகூட எழுதியதில்லை.

"பேனா இருக்கோ வேலாயுதம்?" என்றார்.

வேலாயுதம் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பழைய வரியை அடித்தார். அடித்த பிறகு ஒன்றும் வரவில்லை.

"மண் போட மகன் வரவில்லை எண்டு வைக்கலாம்" என்று யோகநாதனே எடுத்துக்கொடுத்தார். "அதுவும் எங்கட வழக்கில இருக்கு."

வேலாயுதம் அதை மலாயில் சொன்னதும் ஒக்கோத் மறுப்பாகத் தலையை ஆட்டினான். "வரலைன்னு எழுதவேணாம் அண்ணே. வரலைங்கிறது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். அம்மா எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"இடப்பக்கம்னா எப்படி? வாசல்ல நின்னு வீட்டைப் பாத்தா இடமா?"

"இல்லண்ணே. வீட்டுக்குள்ள நின்னு வாசலைப் பாத்தா இடது. வீட்டுக்காரங்க கணக்கு அது. வெளியாள் கணக்கு இல்ல."

வேலாயுதம் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக. அறையில் இரண்டு படித்தவர்களும் ஒரு பெண்ணும் அந்தக் கை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சமாக இருந்தது. எழுதி முடித்துத் தாளைத் தள்ளினார்.

'அம்மாவை அவள் வீட்டுக்கு இடப்பக்கம் புதைத்தார்கள். எதிரே மகனின் குடிசை இருக்கிறது.'

யோகநாதன் இரண்டு தடவை படித்தார்.

"எழுத்துப்பிழை இல்லை" என்றார். பிறகு, "ஆனா இது தகவல் மாதிரி இருக்கு வேலாயுதம். மனசைப் பிடிச்சு இழுக்கேல்லை."

"எனக்கும் தெரியுது சார்."

"முதல் கதையா வைக்கேலாது. பின்னுக்குப் போகும். விழாவில வாசிக்க வேற ஒண்டுதான் எடுக்கவேணும். வட்டத்தில மற்ற ஆட்களும் கேப்பினம்."

வேலாயுதத்துக்குத் தனலெட்சுமியின் வேன் ஞாபகம் வந்தது. மேடையில் படிப்பதற்காகக் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்ததும் ஞாபகம் வந்தது. நல்ல வரி போய்விட்டது. அந்த மாதிரி ஒன்று இனி தன் கைக்கு வருமா என்பதும் தெரியாது.

"போகட்டும் சார்" என்றார்.

கிளம்பும்போது யோகநாதன் அந்தத் திருத்தத் தாளைக் கையில் வைத்திருந்தார். புது வரியை வேறொரு வெள்ளைத்தாளில் தன் கையால் நகலெடுத்து, அதைத்தான் அச்சகத்துக்கென்று உறையில் போட்டார்.

"இதை நான் வைச்சுக்கொள்ளட்டா?" என்று கேட்டார், அடித்த வரி இருந்த தாளைக் காட்டி.

"வச்சுக்கோங்க சார்."

கீழே இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒக்கோத் என்றால் லுவோவில் மழையில் பிறந்தவன் என்று அர்த்தமாம். "உன்னைக் கூட்டிட்டு வந்தா இதான்" என்றார் வேலாயுதம். அவன் சிரித்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நிலையத்தில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒக்கோத் ஓரம் கிழிந்த பாஸை எடுத்துக் காட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை வேலாயுதம் பக்கத்திலேயே நின்றார். வேறு என்ன செய்ய முடியும்?

மலர் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. விழாவுக்கு வேன் போகவில்லை. வேலாயுதமும் தனலெட்சுமியும் மட்டும் ரயிலில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். முதல் கதையை யாரோ ஒரு பெண் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். வீட்டுக்கு வந்து தனலெட்சுமி மலரைப் புரட்டிக் கணவன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். விளம்பரப் பக்கங்களுக்குச் சற்று முன்னால் இருந்தது. சத்தமாகவே படித்தாள்.

"சரக்குந்துன்னா என்னங்க?"

"லோரி."

"லோரின்னா லோரின்னு போடவேண்டியதுதானே. அன்னைக்கே இதையும் மாத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"மறந்துட்டேன்" என்றார் வேலாயுதம். நிஜமாகவே மறந்துவிட்டார்.

கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் அழவில்லை. புத்தகத்தை மூடிச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டு விளக்கேற்றப் போனாள்.

மறுநாள் கிடங்கில் சாப்பாட்டு நேரம். ஒக்கோத் சோற்றுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மலரை வாங்கினான். முதலில் மோந்து பார்த்தான். பிறகு கேட்டான்.

"அம்மா எங்கண்ணே?"

வேலாயுதம் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். ஒக்கோத் அந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல். அது பாதி வரியை மறைத்துவிட்டது.

"சின்னதா இருக்கே."

"சின்னதுதான் தம்பி. நல்லாவும் இல்லைன்னு சார் சொன்னாரு."

ஒக்கோத் புத்தகத்தை நன்றாக விரித்துத் தொடைமேல் வைத்தான். கதையின் கடைசிப் பக்கம் வலக்கைப் பக்கம் விழுந்திருந்தது. வேலாயுதத்துக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"அடடா, வலப்பக்கமால்ல போட்டுட்டாங்க" என்றார்.

"நீங்க வெளிய நின்னு பாக்குறீங்கண்ணே" என்றான் ஒக்கோத். "உள்ள நின்னு பாத்தா சரியாத்தான் இருக்கு."

உள்ளேயிருந்து ஜெயராஜ் விசிலடித்தான். அடுத்த கண்டெய்னர் வந்துவிட்டது. ஒக்கோத் மலரைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையைக் கீழே நீட்டினான். வேலாயுதம் அதைப் பிடித்து எழுந்தார். முதுகு சுரீரென்றது.

"வலிக்குது?" என்றான் அவன் தமிழில்.

"வலிக்குது லா. நட."